68 ஜி.டி.ஓ.வுக்கு எந்த கார்புரேட்டர்? 750 ஹோலி வாங்கலாமா?

வுட்வர்ட்_வாசி (மிச்சிகன்)

வணக்கம் நண்பர்களே. போன அக்டோபரில் ஒரு 1968 பாண்டியாக் ஜி.டி.ஓ. வாங்கினேன். 400 கன அங்குல இஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (கார்புரேட்டர் உட்காரும் குழாய்த் தொகுதி). பத்து வருஷமாக ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தவன் நான். இந்த வருஷம் நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டு ரோட்டில் இறங்க ஆசை.

பிரச்சினை கார்புரேட்டர். ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி அழும் வரை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு சிக்னலில் பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு இருமல், ஒரு குலுக்கல், அதற்கப்புறம்தான் வண்டி கிளம்பும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துவிடுகிறார். ஐட்லிங் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இல்லை. கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. வீட்டம்மா கராஜ் வழியாக வருவதையே நிறுத்திவிட்டாள்.

இஞ்சின் மேலே இப்போது இருப்பது ரோச்செஸ்டர் கம்பெனியின் குவாட்ராஜெட் கார்புரேட்டர். ஆபீஸ் நண்பர் ஒருவர், "அதைக் கழற்றி எறி, 750 ஹோலி டபுள் பம்பர் போடு, வண்டி பறக்கும்" என்கிறார். (ஹோலி இன்னொரு கார்ப் கம்பெனி; 750 என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று விடும் என்ற அளவு, சி.எஃப்.எம்.) வாங்கிவிடலாமா?

செவல்69 (ஹூஸ்டன்)

தாராளமாக வாங்குங்கள். என் 69 செவெல் 350-இல் (நாலு கியர், கையால் மாற்றுவது) முந்தைய ஓனர் போட்ட ஹோலி 600தான் ஓடுகிறது. எல்லாக் கடையிலும் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) கிடைக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். குவாட்ராஜெட்டைத் திறந்தால் கடிகாரக் கடைக்காரர் மாதிரி கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார வேண்டும்.

பழைய_இரும்பு (ஒஹாயோ)

தம்பி, பர்ஸைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் திற. மூன்று கேள்வி.

ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) இன்னும் பாயிண்ட்தானா? டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) எவ்வளவு? ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் குழாய் விரிசல் விடாமல் இருக்கிறதா? கார்ப் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு வியாதி அங்கேதான் இருந்தது.

இரண்டு, ஐட்லிங்கில் வேக்குவம் கேஜ் (இஞ்சினின் இழுப்பை அளக்கும் மீட்டர்) என்ன காட்டுகிறது? முள் நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா?

மூன்று, கார்ப்பின் பின்புறம், டிரைவர் பக்கம், உடலில் நெட்டுக்குத்தலாக ஒரு எண் அடித்திருக்கும். 70-இல் தொடங்கும் ஏழு இலக்கம். துணியில் கிளீனர் தொட்டுத் துடைத்துப் படித்துச் சொல்.

டென்வர்_காற்று (கொலராடோ)

டபுள் பம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கத் துளைகள் கால் மிதித்த மாத்திரத்தில் கம்பி வழியாகத் திறந்துவிடும் ரகம் அது. இஞ்சின் அந்தக் காற்றை இழுக்கத் தயாரா இல்லையா என்று பார்க்காது. அதை ஈடுகட்டத்தான் இரண்டாவது பம்ப் வைத்து பெட்ரோலை ஊற்றுகிறார்கள். லேசான வண்டி, கையில் கியர், பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றால் அது பொருந்தும். ஜி.டி.ஓ. சுமார் 3500 பவுண்டு, அதிலும் ஆட்டோமேட்டிக். உங்கள் சிக்னல் இருமல் போகாது, பெரிசாகும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். இஞ்சின் கன அங்குலத்தை உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று வரும். 400 × 5000 ÷ 3456 = சுமார் 579. சாதாரண இஞ்சின் சிலிண்டரை நூற்றுக்கு நூறு நிரப்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 492. அதற்கு 600 சி.எஃப்.எம். கார்ப்பே தாராளம்.

செவல்69

அப்படியானால் பாண்டியாக் கம்பெனியே ஏன் 750 சி.எஃப்.எம். குவாட்ராஜெட்டைப் போட்டது? அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

ராக்கெட்_455 (நியூ ஜெர்சி)

நல்ல கேள்வி, இதில்தான் குவாட்ராஜெட்டின் சூட்சுமம் இருக்கிறது. முன்னால் இரண்டு துளை ரொம்பச் சின்னது, 1⅜ அங்குலம். பின்னால் இரண்டு அண்டா மாதிரி, 2¼ அங்குலம். ஊருக்குள் ஓட்டும்போது முன்னால் இருப்பவை மட்டும் வேலை செய்யும். துளை சின்னதாக இருப்பதால் காற்று வேகமாகப் போகும், பெட்ரோல் பொடியாகத் தெறிக்கும், காலுக்கு உடனே பதில் கிடைக்கும். பின்பக்க அண்டாக்களின் மேலே ஒரு தகடு ஸ்ப்ரிங்கில் தொங்குகிறது. நீங்கள் எவ்வளவு மிதித்தாலும், இஞ்சின் இழுக்கும் அளவுக்குத்தான் அந்தத் தகடு சாயும். 750 என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. இஞ்சின் பசிக்கு ஏற்றபடிதான் பரிமாறும்.

குவாட்ராஜெட் 1965-இல் செவர்லேயின் 396 கன அங்குல இஞ்சினில் வந்தது. 67-இல் பாண்டியாக் தன் மூன்று கார்ப் அமைப்பை நிறுத்திவிட்டு ஜி.டி.ஓ.வுக்கு இதைப் போட்டது. "குவாட்ராபாக்" ("பாக்" என்றால் திணறல்) என்று கேலி செய்பவர்கள் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒன்றை ஓட்டியவர்கள்.

மோபார்_பைத்தியம் (வட கரோலினா)

என் கட்சி வேறு. எடெல்பிராக் கம்பெனியின் ஏ.வி.எஸ்.2 கார்ப், 650 சி.எஃப்.எம்., எலெக்ட்ரிக் சோக் (குளிரில் காற்றை மறைக்கும் தகடு). என் டாட்ஜ் சார்ஜர் காரில் மூன்று வருஷமாக இருக்கிறது. இது அந்தக் கால கார்ட்டர் கார்ப்களின் வம்சம். மேலே இருக்கும் சின்ன மூடி ஒன்றைத் தளர்த்தினால் மீட்டரிங் ராட் (ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசி) கையோடு வந்துவிடும். கார்ப்பைக் கழற்றாமல், ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தாமல், ஐந்து நிமிஷத்தில் கலவையை மாற்றலாம். ஹோலியில் ஜெட் மாற்றும்போது கார்ப் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் அத்தனையும் மேனிஃபோல்டில் கொட்டும். அதைப் பற்றி செவல் அண்ணன் பேசவே மாட்டார்.

செவல்69

அடியில் பழைய துணியை வைப்பேன். துணிக்கா பஞ்சம்?

மோபார்_பைத்தியம்

சரி சரி. குறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் அழுத்தம் 6.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் ஊசி வால்வு தாங்காது, ஓவர்ஃப்ளோ. அப்புறம் சூடு. கோடையில் வண்டியை நிறுத்தி பத்து நிமிஷம் கடைக்குப் போய் வந்தால், இஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். இப்போதைய 10 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அடியில் தடிமனான இன்சுலேட்டர் வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ராக்கெட்_455

இன்னொரு குறையை விட்டுவிட்டீர்கள். ஜி.டி.ஓ.வின் கம்பெனி மேனிஃபோல்டு குவாட்ராஜெட்டுக்காகச் செய்தது: முன்னால் சின்னத் துளை, பின்னால் பெரிய துளை. எடெல்பிராக், ஹோலி இரண்டும் பெரும்பாலும் நாலு துளையும் சதுரமாக அமைந்தவை. நேராக உட்காராது, அடாப்டர் வேண்டும். மெல்லிய அடாப்டர் போட்டால் சில சமயம் த்ராட்டில் தகடு (மிதித்தால் துளையைத் திறந்து மூடும் தகடு) போய் விளிம்பில் இடிக்கும். திறந்தது மூடாமல் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தடிமனாகப் போட்டால் ஏர் கிளீனர் பானெட்டை முட்டும். பாதிப் பேர் அடாப்டர் கேஸ்கெட்டில் ஏர் லீக் வைத்துக்கொண்டு புது கார்ப்பைத் திட்டுகிறார்கள்.

வுட்வர்ட்_வாசி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கராஜில்தான் இருந்தேன். பழைய_இரும்பு அண்ணே, உங்கள் மூன்று கேள்விக்கும் பதில்.

பாயிண்ட்தான். டுவெல் 25 காட்டியது. மூடியில் இருக்கும் சின்ன ஜன்னலைத் தூக்கி, ஆலன் கீயை விட்டுத் திருகி 30-க்குக் கொண்டு வந்தேன். டுவெல் மாறினால் டைமிங்கும் மாறும் என்பது அப்புறம்தான் உறைத்தது, அதையும் சரி செய்தேன். வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. புதுசு போட்டாயிற்று. சிக்னல் இருமல் பாதி குறைந்திருக்கிறது, நம்பவே முடியவில்லை.

வேக்குவம் 14 அங்குலத்தில் நின்று மெல்ல ஆடுகிறது.

எண் 7029-இல் தொடங்குகிறது, கடைசி மூன்று இலக்கம் 203.

பழைய_இரும்பு

சரியாகப் படித்தாயா? மறுபடி பார். கூடவே இதையும் சொல்: பெட்ரோல் குழாய் கார்ப்பில் முன்பக்கமாக நேரே நுழைகிறதா, பக்கவாட்டிலா?

வுட்வர்ட்_வாசி

203தான் அண்ணே, போன் வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்தேன். குழாய் பக்கவாட்டில் நுழைகிறது. இரும்புக் குழாயைப் பாதியில் அறுத்து, ஒரு சாண் ரப்பர் குழாயை வளைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் எக்ஸாஸ்ட் பக்கம் தொங்குகிறது.

பழைய_இரும்பு

முதல் வேலை, அந்த ரப்பரை மாற்றும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. கராஜில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். விளையாட்டில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த எண்ணில் நாலாவது இலக்கம் வருஷம்: 9 என்றால் 69. ஆறாவது இலக்கம் ஜெனரல் மோட்டார்ஸின் எந்தப் பிரிவின் வண்டி என்பது: 0 அல்லது 1 வந்தால் செவர்லே, 4 பியூக், 5 ஓல்ட்ஸ்மொபில், 6 அல்லது 7 பாண்டியாக். கடைசி இலக்கம் ஒற்றை என்றால் கையில் கியர், இரட்டை என்றால் ஆட்டோமேட்டிக். ஆக, உன் 68 பாண்டியாக் ஆட்டோமேட்டிக் மேலே உட்கார்ந்திருப்பது கையில் கியர் போடும் 69 செவர்லேயின் கார்ப். செவர்லேக்குத்தான் பெட்ரோல் பக்கவாட்டில் நுழையும். பாண்டியாக்குக்கு நேர் முன்னால். யாரோ கிடைத்ததை மாட்டி, குழாயை வளைத்து வேலையை முடித்திருக்கிறார்கள். சோக் கம்பி, ஜெட், ராட் எல்லாமே வேறு இஞ்சினுக்கு அளந்தவை.

நீ இத்தனை நாள் குவாட்ராஜெட்டைத் திட்டினாய். அது பாவம், பக்கத்து வீட்டுப் பிள்ளை.

செவல்69

ஹஹா. ஒரு நிமிஷம்... 69 செவர்லே, 203-ஆ?

நாலு_பேரல் (கலிஃபோர்னியா)

இதையெல்லாம் படிக்கும்போது தலை சுற்றுகிறது. ஹோலி ஸ்னைப்பர் இ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) போடுங்கள், சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட். 2020-களில் யார் ஜெட் மாற்றிக்கொண்டிருப்பார்?

டென்வர்_காற்று

நான் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மலை ஏறி இறங்கும் எனக்கு அது வரம். கார்ப் என்றால் 2000 அடிக்கு ஒரு ஜெட் சைஸ் குறைக்கச் சொல்வார்கள், நான் ஒரே நாளில் 5000 அடியிலிருந்து 11,000 அடி போகிறேன். மிச்சிகன் தோசைக்கல் மாதிரி சமதளம். அங்கே அந்த ஆதாயம் இல்லை. அப்புறம் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கினால் போதாது. கார்ப்புக்கு 6 பி.எஸ்.ஐ. போதும், இதற்கு 58 வேண்டும். எலெக்ட்ரிக் பம்ப், டேங்க்குக்குத் திரும்பும் குழாய், சத்தம் இல்லாத நல்ல வயரிங், ஆல்டர்னேட்டர் என்று நூல் பிடித்துக்கொண்டே போகும். எனக்குப் பெட்டி விலையைப் போல இன்னொரு மடங்கு ஆயிற்று.

வுட்வர்ட்_வாசி

இ.எஃப்.ஐ. வேண்டாம். பானெட்டைத் திறந்தால் 1968 தெரிய வேண்டும்.

சரி, குவாட்ராஜெட்டே வைத்துக்கொள்வதென்றால் புதுசு எங்கே கிடைக்கும்?

ராக்கெட்_455

எடெல்பிராக் ஒரு காலத்தில் புதுசாகவே செய்து விற்றது, நிறுத்திவிட்டார்கள். இப்போது பழையதைப் புதுப்பித்ததுதான். ஆனால் கடையில் "ரீபில்ட்" என்று பெட்டியில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நான் ஒன்று வாங்கினேன், கடை பேர் வேண்டாம். தங்கம் மாதிரி மினுங்கியது. திறந்து பார்த்தால் மேல் மூடி ஒரு வருஷத்தது, நடு உடல் இன்னொரு வருஷத்தது, அடித்தட்டு மூன்றாவது. துளைகளே ஒன்றோடொன்று நேராக இல்லை. நூறு கார்ப்பைக் கழற்றி ஒரே தொட்டியில் ஊற வைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவார்கள் போல. அதைவிட அழுக்குப் பிடித்த, யாரும் கை வைக்காத சரியான எண் ஒன்றைத் தேடுங்கள். 7028-இல் தொடங்க வேண்டும், ஆறாவது 6, கடைசி இரட்டை.

பழைய_இரும்பு

கிடைத்தால் வாங்குவதற்கு முன் இரண்டு இடம் பார். முன்பக்க த்ராட்டில் தண்டைக் கட்டைவிரலால் மேலும் கீழும் ஆட்டு. லொடலொட என்றால் அந்த வழியாகக் காற்று நுழையும், ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது. துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்வளையம்) இறக்க வேண்டும், அதற்குக் கருவியும் கையும் வேண்டும். அடுத்தது பெட்ரோல் நுழையும் நட். அதைப் பலம் காட்டி இறுக்கி மரையைத் தின்றுவிட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு.

இப்போதிருக்கும் கார்ப்பில் ஒரு வாரம் கழித்து செல்ஃப் அடிப்பதற்குக் காரணம் கிண்ணத்தின் அடித் துளைகளை மூடியிருக்கும் உலோக அடைப்புகளாக இருக்கலாம். அந்தக் கால குவாட்ராஜெட்டில் அவை கசியும். பெட்ரோல் சத்தமில்லாமல் மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும்.

மோபார்_பைத்தியம்

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். இப்போதைய பெட்ரோல் ஒரு வாரத்தில் கிண்ணத்திலிருந்து தானே ஆவியாகிவிடும். கசிவு என்று எப்படி முடிவு கட்டுவது?

பழைய_இரும்பு

நியாயம். அதற்கும் வழி இருக்கிறது. கார்ப்பைக் கழற்றி, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, காய்ந்த நியூஸ் பேப்பர் மேலே வைத்து விடு. வெளியில் வை, வீட்டுக்குள் வேண்டாம். ஆவி மேலே போகும், கசிவு பேப்பரில் தெரியும்.

வுட்வர்ட்_வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிறையச் சொல்ல இருக்கிறது.

பேப்பர் சோதனை செய்தேன். காலையில் பார்த்தபோது பேப்பரில் இரண்டு வட்டம், சரியாக அடைப்புகளுக்கு நேர் கீழே, ஓரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அண்ணன் சொன்னது சரி. த்ராட்டில் தண்டும் ஆடியது.

போன ஞாயிறு ஒரு ஸ்வாப் மீட்டுக்கு (பழைய சாமான் சந்தை) விடியற்காலையில் டார்ச்சோடு போனேன். மேசைகளில் குவாட்ராஜெட் பத்துப் பன்னிரண்டு கிடந்தன, ஒவ்வொன்றின் முதுகையும் துடைத்து எண் படித்தேன். பார்த்தவர்கள் நான் ஏதோ ரேகை பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் தகரப் பெட்டியின் அடியில் ஒன்று: 7028, ஆறாவது 6, கடைசி இரட்டை. கருப்புப் பிசின் பிடித்து பார்க்கச் சகிக்கவில்லை. தண்டு ஆடவில்லை, மரை நன்றாக இருந்தது. பேரம் பேசி 90 டாலர்.

ஊருக்குப் போனபோது தம்பியின் ஆர்எக்ஸ் 100 கார்ப்பைக் கழற்றிய அனுபவம்தான் எனக்கு இருந்த மூலதனம். அதில் மொத்தமே ஒரு பிடி சாமான். இதில் ஒவ்வொரு ஸ்ப்ரிங்கையும் எடுக்கும் முன் போட்டோ எடுத்தேன், முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தேன். எத்தனால் தாங்கும் பம்ப் கப், ஊசி, கேஸ்கெட் உள்ள கிட் வாங்கினேன். பழைய ஃப்ளோட் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை) ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பொருள். வீட்டம்மா கேக் மாவு நிறுக்கும் தராசில் புதுசையும் பழசையும் வைத்தேன், பழசு நன்றாகக் கனமாக இருந்தது. வருஷக்கணக்கில் பெட்ரோலைக் குடித்திருக்கிறது. கனமான ஃப்ளோட் மூழ்கும், மூழ்கினால் ஓவர்ஃப்ளோ. அடைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி பூசி ஒரு ராத்திரி காயவிட்டேன். (தராசு எனக்கே வந்துவிட்டது, வீட்டுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று.)

முன்பக்கம் நுழையும்படி சரியாக வளைத்த புது இரும்புக் குழாய் போட்டேன். இப்போது ரப்பரே இல்லை.

வேக்குவம் 18, முள் ஆடவில்லை. பச்சை விழுந்தால் வண்டி கிளம்புகிறது, அவ்வளவுதான். ஹைவேயில் ஏறும் வளைவில் முதல் தடவை முழுக்க மிதித்தேன். பின்பக்க அண்டா இரண்டும் திறந்ததும் ஒரு ஊளை கேட்டது பாருங்கள், நான் பயந்து காலை எடுத்துவிட்டேன்.

ராக்கெட்_455

அந்த ஊளைக்காகத்தான் நாங்கள் எல்லாம் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

மோபார்_பைத்தியம்

வாழ்த்துகள். ஆனாலும் என் ஏ.வி.எஸ்.2-ஐ விட மாட்டேன். உங்களிடம் கம்பெனி மேனிஃபோல்டு இருந்தது, சரியான எண் கிடைத்தது, முட்டை அட்டையும் மூன்று வாரப் பொறுமையும் இருந்தன. சதுரத் துளை மேனிஃபோல்டு போட்டவருக்கு இந்த இழையைக் காட்டி குவாட்ராஜெட் வாங்கச் சொல்லிவிடாதீர்கள்.

வுட்வர்ட்_வாசி

ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி: காலையில் குளிரில் சோக் முழுக்க மூடாமல் ஒரு விரல்கடை இடைவெளியில் நிற்கிறது.

பழைய_இரும்பு

மேனிஃபோல்டு மேலே இருக்கும் சுருளிலிருந்து வரும் கம்பியைப் பார். அது செவர்லே கார்ப்புக்காக வளைத்த கம்பி, நீ அதையே மறுபடி மாட்டியிருப்பாய். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மிதியை ஒரு தடவை அழுத்தி விட்டு, தகடு மெல்ல மூடும் அளவுக்குக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளை. ஒரேயடியாக வளைக்காதே.

செவல்69

தம்பி, அந்தப் பழைய 203-ஐத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

வுட்வர்ட்_வாசி

கராஜ் அலமாரியில் இருக்கிறது. ஏன் அண்ணா?

செவல்69

இல்லை... எண்ணை விசாரித்துப் பார்த்தேன். 69 செவர்லே 350, கையில் கியர். என் வண்டிக்கு ஃபேக்டரியில் போட்டது அதுதான். கம்பெனி மேனிஃபோல்டும் என் கராஜ் பரணில் கிடக்கிறது. சும்மா கேட்டேன்.

ராக்கெட்_455

கண்ணுக்கு லென்ஸ் வேண்டுமா அண்ணா?

வுட்வர்ட்_வாசி

தபால் செலவு மட்டும் கொடுங்கள். தண்டுக்கு புஷ் இறக்க வேண்டும், அடைப்புகள் கசிகின்றன, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முட்டை அட்டையையும் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.